அண்ணன் வெளியே வந்துவிட்டான்

நிரோசனும் தினேஸும் ஒரே நாட்டில், ஒரே சண்டையில்தான் இருந்தார்கள். ஆனால் ஒருவன் உயிரோடு இருக்கிறானா என்று மற்றவன் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், கண்டிக்குப் பக்கத்தில், அக்குறணையில் ஒரு சரக்குக் கடையின் பின்பக்கத்தில் மிளகாய்த்தூள் பெக்கட் பண்ணிக்கொண்டிருந்த அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ரஷ்யாவில் போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே அண்ணனையும் தம்பியையும் வேறு வேறு படைப்பிரிவுக்குப் பிரித்துவிட்டார்கள். கொண்டுபோன போன்களையும் வாங்கிக்கொண்டார்கள். சண்டை நடக்கும் இடத்திலிருந்து பின்னுக்கு வரும்போது யாரிடமாவது கெஞ்சி வாங்குகிற போனில்தான் பேச்சு. ஒருவன் எந்தப் போனில் இருப்பான் என்று மற்றவனுக்குத் தெரியாது. இருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். பன்வில தோட்டத்தில் இருந்த காலத்தில் வாங்கி, வத்தேகமவுக்குக் குடிவந்த பிறகும் மாற்றாமல் வைத்திருந்த அம்மா வடிவம்மாவின் நம்பர்.

அதனால் இருவரும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். நலம் விசாரித்த கையோடு மூத்தவன், "தம்பி பேசினானா?" என்பான். இளையவன், "அண்ணன் எங்க இருக்கான்?" என்பான். வடிவம்மா இவன் சொன்னதை அவனுக்கும் அவன் சொன்னதை இவனுக்கும் சொல்லுவாள். சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லிவிட மாட்டாள். தினேஸோடு பங்கரில் இருந்த பையன் செத்துப்போனதை நிரோசனுக்குச் சொல்லவில்லை. நிரோசன் காய்ச்சலோடு சாமான் சுமந்ததைத் தினேஸுக்குச் சொல்லவில்லை. தூளைச் சல்லடையில் சலிக்கிற மாதிரி சலித்து, மிருதுவானதை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பினாள். சல்லடையில் தங்கியதெல்லாம் அவள் நெஞ்சில் கிடந்தது.

போகவேண்டுமென்று முதலில் ஒற்றைக்காலில் நின்றவன் தினேஸ்தான். வத்தேகம சந்தையடியில் யாருடையதோ ஆட்டோவை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். கண்டியில் ஒரு ஏஜென்ட், இராணுவ முகாம் சமையற்கட்டில் வேலை, சண்டைக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டான். நிரோசன் கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை பார்த்தான். கலியாணம் முடித்து ஒன்றரை வருசம். அவன் ஏஜென்டின் பேச்சை ஒரு வார்த்தைகூட நம்பவில்லை. தம்பியோடு சண்டை பிடித்துப் பார்த்தான், பேசாமல் இருந்து பார்த்தான். ஒன்றும் எடுபடாமல் போக, ஒருநாள் தானும் பாஸ்போர்ட்டோடு வந்து நின்றான். மனைவி கிருஷாந்தி அழுதாள். அவனைத் தனியாக விட்டால் வழியிலேயே தொலைந்துவிடுவான், இழுத்துக்கொண்டு வருவதற்காவது ஒருத்தன் வேண்டாமா என்றான் நிரோசன்.

சின்ன வயதிலிருந்து எங்கே போனாலும் முன்னால் போகிறவன் நிரோசன், அவன் காலடியை மிதித்துக்கொண்டு பின்னால் போகிறவன் தினேஸ். இந்த ஒரு தடவைதான் அது மாறிப்போனது.

அங்கே போனதும் படிக்கத் தெரியாத பாசையில் எழுதிய காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்த வாரம் கையில் துவக்கைக் கொடுத்தார்கள். சமையற்கட்டை இருவரும் கண்ணாலும் காணவில்லை.

வடிவம்மா காதால் வாழப் பழகிக்கொண்டாள். நிரோசன் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுவான்: சாப்பிட்டேன், குளிர் குறைவு, நல்லாயிருக்கேன். அவன் குரல் தடித்திருந்தால் தூங்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். தினேஸ் வளவளவென்று பேசுவான்: எலி, பனி, டின்னில் அடைத்த இறைச்சி, கனவில் வந்த அம்மாவின் நெத்தலிக் குழம்பு. பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்தி, எதற்கோ காதைக் கொடுப்பான். அப்போது அவளுக்கும் கேட்கும், தேயிலை மலையில் புல்லு வெட்டுகிற மெசின் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். என்ன சத்தம் என்று கேட்டால் ஜெனரேட்டர் என்பான். ஜெனரேட்டர் ஓடினால் ஏன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாய் என்று அவள் கேட்டதில்லை.

கடையில் தூள் பெக்கட் பண்ணுகிற அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வடிவம்மாவுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. முதலாளி அரூஸின் மனைவி ரபீகா ஒருநாள் அவளுடைய போனை வாங்கி, மிளகாய்த்தூள் பொலித்தீனுக்குள் போட்டு, சீல் வைக்கிற மெசினில் வைத்து ஒட்டிக் கொடுத்தாள். பொலித்தீனுக்கு மேலாலேயே விரலால் தொட்டுப் பேசலாம், தூளும் போகாது.

"இது ஒங்கட மடியிலேயே ஈக்கட்டும் வடிவு," என்றாள்.

ரபீகாவை அவள் ரபீகா தாத்தா என்று கூப்பிடுவாள். அந்த ஊர்ப் பக்கம் அக்காவைத் தாத்தா என்பதுதான் வழக்கம்.

பங்குனி மாதத்தில் நிரோசன் பேசினான். கெண்டைக்காலில் இரும்புத் துண்டு பாய்ந்ததாம், அதை எடுத்துவிட்டார்களாம், நடக்க முடிகிறதாம், மறுபடியும் முன்னுக்கு அனுப்புகிறார்களாம். தம்பிக்கும் கிருஷாவுக்கும் சொல்ல வேண்டாம் என்றான். கொஞ்ச நாளைக்குப் பேச ஏலாது, பயப்படாதே என்றான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

இரண்டு வாரம் பேசாமல் இருப்பது புதிதில்லை. மூன்றாவது வாரமும் போனது. சித்திரை வருசம் வந்தது. எதிர்வீட்டில் பட்டாசு கொளுத்தியபோது வடிவம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கிருஷாந்தி புதுச்சீலையை மடிப்புக் கலைக்காமல் அலுமாரியில் வைத்தாள். அங்கே மழையாம், சிக்னல் இல்லையாம் என்று வடிவம்மா மருமகளிடம் சொன்னாள். யார் சொன்னது என்று கிருஷாந்தி கேட்கவில்லை. இடையில் தினேஸ் கூப்பிட்டு அண்ணனைக் கேட்டபோது, முந்தாநாள்தான் பேசினான், நல்லாயிருக்கான் என்றாள். இரண்டு தடவை அப்படிச் சொன்னாள். இரண்டாவது தடவை தினேஸ், முந்தாநாளா என்று திருப்பிக் கேட்டான்.

அதற்கடுத்த வாரம், கடையில் மஞ்சள் தூள் அரைத்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், மடியில் போன் துடித்தது. தினேஸ். ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். கையில் சின்னக் காயம், பயப்பட ஒன்றுமில்லை என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி மளமளவென்று சொன்னான். பக்கத்துக் கட்டிலில் குருநாகல் பக்கத்துச் சிங்கள ஆள் ஒருவர் இருக்கிறார், முன்பு இலங்கை இராணுவத்தில் இருந்தவர். அவருக்கு ஒரு வழி தெரியும். நாளைக் காலையில் மருந்துச் சாமான் கொண்டுவருகிற வேனில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. மொஸ்கோவில் நம்முடைய எம்பசிக்குள் போய்விட்டால் ஊருக்குப் போகக் காகிதம் கொடுப்பார்களாம். நாளை விட்டால், கைக்கட்டை அவிழ்த்த கையோடு மறுபடியும் பங்கருக்குத்தான்.

"போ சாமி. இப்பவே போ," என்றாள் வடிவம்மா.

"அண்ணன் எங்க?"

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அம்மா, அண்ணன் என்னாலதான் வந்தான். அவன இங்க விட்டுட்டு நான் மட்டும் வரமாட்டேன். அவன் எங்க இருக்கான்னு உண்மையா கேட்டுச் சொல்லு. ஆறு மணி போல திரும்ப எடுக்கிறேன். அவனும் வரலாம்னா அவனுக்கும் எடம் கேப்பேன். இல்லாட்டி நான் இங்கயே இருந்துக்கிறேன்."

போன் நின்றுவிட்டது.

நிரோசன் கடைசியாகப் பேசிய நம்பருக்கு எடுத்தாள். மூன்றாவது தடவை எவனோ எடுத்தான். "நிரோசன், நிரோசன்" என்று கத்தினாள். அவன் ஏதோ சொன்னான். அது அதட்டலா அனுதாபமா என்றுகூட விளங்கவில்லை. அதன்பிறகு அந்த நம்பரும் போகவில்லை. கையில் இருந்த மஞ்சள் தூள் போனின் பொலித்தீன் முழுக்க அப்பிக்கிடந்தது.

ரபீகா வந்து பார்த்தபோது அவள் மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கேட்டு ரபீகாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் என்ன சொல்லட்டும் தாத்தா என்று வடிவம்மா கேட்டாள்.

"எனக்குச் சொல்லத் தெரியல்ல வடிவு," என்றாள் ரபீகா. "நான் ஒரு புள்ளையையும் சண்டைக்கு அனுப்பல்ல. சும்மா வாயால ஒண்டைச் சொல்லிட்டுப் போக ஏலாது."

ஆனால் அரூஸைக் கூப்பிட்டு, வடிவம்மாவைக் கடை வேனில் வத்தேகம வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னாள். அரூஸ் வழிநெடுக ஒன்றும் கேட்கவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே மகாவலி கலங்கி ஓடியது. வடிவம்மா அதைப் பார்த்தாள், பார்க்கவும் இல்லை.

சேதி இல்லை என்று சொன்னால் தினேஸ் அங்கேயே நிற்பான். அண்ணன் உயிரோடு இல்லை என்று சொன்னால் அவன் என்ன செய்துகொள்வான் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதுவும் தவிர, அவளுக்கே தெரியாத ஒன்றை அவள் வாயால் எப்படிச் சொல்லுவாள்? சொன்னால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது. நிரோசன் பின்னால் இருக்கிறான் என்றால் தினேஸ் அசைய மாட்டான். முன்னால் போய்விட்டான் என்றால்? அவன் முன்னால் போனால் இவன் எப்போதும் பின்னாலேயே வந்திருக்கிறான். வேன் வத்தேகம சந்தையைத் தாண்டும்போது அவள் முடிவுக்கு வந்துவிட்டாள்.

ஆறு மணி தாண்டித்தான் போன் வந்தது. வடிவம்மா முன்னறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். கிருஷாந்தி வெளியே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை.

"அண்ணன் வெளிய வந்துட்டான்," என்றாள் வடிவம்மா, அவன் கேட்கும் முன்னமே. "எம்பசிக்குள்ள போயிட்டான். உன்னைத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கான்."

எப்போ என்று கேட்டான். நேற்று என்றாள். ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்று கேட்டான். எனக்கே மத்தியானம்தான் தெரியும், வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினான், உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்களாம் என்றாள். தன் நாக்கு இவ்வளவு லேசாகப் புரளும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

வடிவம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தக் கழுதைய இந்தத் தடவையாவது சொல்பேச்சு கேக்கச் சொல்லும்மான்னான்."

தினேஸ் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது அழுகையாகவும் இருக்கலாம். சரி என்று சொல்வதற்குள் லைன் அறுந்தது.

வாசலில் கிருஷாந்தி நின்றாள். முழங்கை வரை சவர்க்கார நுரை. கையிலிருந்த சட்டை தரையில் விழுந்து தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. வடிவம்மா எழும்புவதற்குள் அவள் ஓடிவந்து மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கால் தரையில் பாவாமல் சாமிப் படத்தடிக்கு ஓடினாள், நெருப்புப் பெட்டியைத் தேடினாள், அப்பாவுக்குச் சொல்ல வேண்டும் மாமி, பன்விலக்குச் சொல்ல வேண்டும் என்றாள். ஈரக் கையில் தீக்குச்சி பற்றவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று குச்சி என்று உரசிக்கொண்டே இருந்தாள்.

அவள் விளக்கை ஏற்றிவிட்டால் பிறகு சொல்ல முடியாது என்று வடிவம்மாவுக்குப் பட்டது.

"கிருஷா, கொளுத்தாத," என்றாள். "பொய் சொன்னேன்மா. அவன வரவைக்கிறதுக்குச் சொன்னேன். நிரோசன் பேசி ஒன்றரை மாசமாச்சு."

கிருஷாந்தி திரும்பவில்லை. நெருப்புப் பெட்டியை மூடி, இருந்த இடத்தில் வைத்தாள்.

"ஒன்றரை மாசமா சிக்னல் இல்லன்னு சொன்னீங்களே மாமி," என்றாள். குரல் உயரவில்லை. "உங்களுக்கு ரெண்டு பிள்ளை. எனக்கு அவுங்க ஒருத்தருதான்."

உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வடிவம்மா தரையில் கிடந்த சட்டையை எடுத்துப் பிழிந்தாள். அது நிரோசனுடைய சட்டை. அவன் இல்லாத வீட்டில் அவன் சட்டையை எடுத்து கிருஷாந்தி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். சட்டையோடு வடிவம்மா வாசற்படியில் குந்தினாள்.

அப்போது மறுபடியும் போன் அடித்தது.

தினேஸ்தான். அவன் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. குருநாகல் ஆள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவனே யோசித்திருக்க வேண்டும்.

"அண்ணிகிட்ட குடு," என்றான்.

அண்ணி குளிக்கிறாள் என்றாள். இருக்கட்டும், காத்திருக்கிறேன் என்றான். அண்ணன் வெளியே வந்திருந்தால் அண்ணியிடம் பேசாமல் இருந்திருக்க மாட்டான், அண்ணி சொல்லட்டும், நான் போகிறேன் என்றான். வடிவம்மா போனைக் கையில் பிடித்தபடி சாத்திய கதவைப் பார்த்தாள். தட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. எந்த வாயால் கூப்பிடுவது? போனுக்குள் தினேஸ் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கதவு திறந்தது. கிருஷாந்தி முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு வந்து, மாமியாரின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"தம்பி," என்றாள். "ஓம்... பேசினாங்க. நல்லாத்தான் பேசினாங்க." அவள் மற்றக் கை கதவு நிலையைப் பிடித்திருந்தது. "நீங்க வந்தாத்தான் சேந்து பிளைட் ஏறுவாங்களாம். சுணங்காம போங்க தம்பி."

பேசி முடித்துப் போனைக் கதிரையில் வைத்துவிட்டு, குழாயடிக்குப் போய் மிச்சத் துணியை அலசினாள். அந்த வீட்டில் அன்றைக்கு அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஆனால் இரண்டு பெண்களும் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ஒரு சேதியும் இல்லை. வேனில் ஏறினானா, வழியில் மறித்தார்களா, ஓடிப்போகிறவனை என்ன செய்வார்கள் என்று யாரைக் கேட்பது? கடையில் நிறுவையில் பிழை விட்டாள். சீல் மெசினில் விரலைச் சுட்டுக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது இரண்டு பக்கமும் ஊமையாகிவிட்டது. நானே அனுப்பி வைத்தேனே, அங்கேயே இருந்திருந்தால் கட்டிலிலாவது கிடந்திருப்பானே என்று ஒரு கணம் தோன்றும். அடுத்த கணம் அந்த ஜெனரேட்டர் சத்தம் காதில் வரும்.

ஒரு சனிக்கிழமை தினேஸ் கூப்பிட்டான். எம்பசிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"அண்ணன் இங்க வரவே இல்லையாம்," என்றான்.

"தெரியும்."

அண்ணிக்கும் தெரியுமா என்று கேட்டான். நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தினேன் என்றாள் வடிவம்மா. அதுவும் பொய்தான். ஆனால் அந்தப் பாரத்தைக் கிருஷாந்தியின் தலையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இனிமே எங்கிட்ட பேசாத," என்றான் தினேஸ். போனை வைத்துவிட்டான்.

வைகாசியில் வந்து இறங்கினான். அரூஸின் வேனில்தான் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனார்கள். பாதியாக மெலிந்திருந்தான். இடது கையை ஜக்கெட் பொக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தான். கிருஷாந்தியின் முன்னால் வந்து நின்று தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவை நிமிர்ந்து பார்க்காமல் வேனின் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

வீட்டில் கிருஷாந்தி போட்டால் சாப்பிட்டான். வடிவம்மா நெத்தலிக் குழம்பு வைத்தாள், தொடவில்லை. அவள் முன்னால் இடது கையை வெளியே எடுக்கவும் இல்லை. பகலெல்லாம் சந்தையடி ஆட்டோ தரிப்பிடத்துத் திண்ணையில் உட்கார்ந்து, ரஷ்யாவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் மெசேஜ் போட்டு அண்ணனைத் தேடினான். கடைசியில் ஒருவன் சொன்னான்: நிரோசன் இருந்த குழு ஒரு கிராமத்துக்குள் போனது, திரும்பி யாரும் வரவில்லை. தினேஸ் அதைக் கிருஷாந்தியிடம் சொன்னான். கிருஷாந்தி மாமியாரிடம் சொன்னாள்.

பன்விலையிலிருந்து கிருஷாந்தியின் அப்பா கறுப்பையா வந்தார். அவரோடு இரண்டு மூன்று உறவுக்காரர்களும் வந்தார்கள். வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, காரியம் செய்யாமல் விட்டால் போனவனுக்கும் நிம்மதியில்லை, இருக்கிற பிள்ளைக்கும் ஒரு வழி பிறக்காது என்று மெல்ல எடுத்தார். சேதி வராத பிள்ளைக்கு நான் காரியம் செய்யமாட்டேன் என்று வடிவம்மா சொன்னாள். எத்தனை நாளைக்கு என்று கேட்டார். கிருஷாந்தி எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது. கறுப்பையா அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆனி பிறந்தது. ஒரு மழை நாள், வேலைக்குப் போகாமல் வடிவம்மா வீட்டில் இருந்தாள். தினேஸ் தாழ்வாரத்தில் குந்தி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிருஷாந்தி சந்தையடித் தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், அங்கே போயிருந்தாள். அறியாத நம்பரில் போன் வந்தது.

"அம்மா. நிரோசன்."

வடிவம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மத்தப் பக்கத்துக்காரங்க புடிச்சு வச்சிருக்காங்கம்மா. சிறைதான். அடிக்கல. காலுக்கு மருந்து போடுறாங்க. பேச அஞ்சு நிமிசந்தான் குடுத்திருக்காங்க. தம்பி எங்க?"

"வந்துட்டான்பா. வீட்ல இருக்கான்."

நிரோசனின் குரல், செய்தி வாசிக்கிற குரல் இல்லை, உடைந்த குரல்:

"அம்மா, வேணாம்மா. நீ எப்பவும் இப்படித்தான் சொல்லுவ. எனக்கு உண்மையச் சொல்லு, தாங்கிக்கிறேன். தம்பி போயிட்டானா?"

எத்தனையோ பொய்யை நம்பவைத்தவளுக்கு ஒரு உண்மையை நம்பவைக்கத் தெரியவில்லை. இல்லப்பா, சத்தியமா, சத்தியமா என்று சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய் போலக் கேட்டது. தாழ்வாரத்துக்கு ஓடினாள். தினேஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஒன்றும் சொல்லாமல் போனை அவன் காதில் வைத்து அழுத்தினாள்.

அவன் உதறப் போனான். பிறகு அப்படியே நின்றுவிட்டான்.

"டேய்," என்றான். "டேய் அண்ணா. நான்தான்டா."

அடுத்தபடி அவன் என்ன பேசினான் என்று வடிவம்மாவுக்குத் தெரியாது. ஏனென்றால் "அண்ணி கடையில இருக்காங்க, வச்சிராத, வச்சிராத" என்று கத்திக்கொண்டு மழையில் இறங்கி ஓடினான். அவளும் பின்னால் ஓடினாள். சந்தையில் மரக்கறிக் கூடைகளைத் தாண்டி, குடைகளை இடித்துத் தள்ளிக்கொண்டு அவன் போவது தெரிந்தது. போனை வலது காதில் அழுத்தியிருந்தான். இடது கை வெளியே வந்திருந்தது. அதில் மூன்று விரல்தான் இருந்தன. வடிவம்மா அப்போதுதான் பார்த்தாள்.

அவள் தையல் கடைக்குப் போய்ச் சேரும்போது கிருஷாந்தி மெசினுக்கு முன்னால் போனைக் காதில் வைத்தபடி இருந்தாள். "ஆ... ஆ..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிசம்கூட இருக்காது. பிறகு போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நின்றுவிட்டிருந்தது. கடைக்காரப் பெண் ஒரு ஸ்டூலை இழுத்து வடிவம்மாவுக்குப் போட்டாள். ஓடிவந்த இருவரின் தலையிலிருந்தும் தண்ணி சொட்ட, மூன்று பேரும் அடுத்தவர்களின் தைக்காத துணிகளுக்கு நடுவே இருந்தார்கள்.

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க மாமி," என்றாள் கிருஷாந்தி. "நான் அவுங்கள ஒண்ணுமே கேக்கல. எல்லாம் மறந்து போச்சு."

எப்போது விடுவார்கள், விடுவார்களா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தில் பேரைப் பதிந்து வைத்தால் கடிதமாவது போகும் என்று நிரோசன் தம்பியிடம் சொல்லியிருந்தான். மறுநாள் காலையில் வடிவம்மா கண்டிக்குக் கிளம்பினாள். பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது பின்னால் தினேஸ் வந்து நின்றான். கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி, காலியாக இருந்த சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கொஞ்ச தூரம் போனது. வடிவம்மா மடியிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இத்தனை நாள் கேட்காததை மெதுவாகக் கேட்டாள்.

"கை வலிக்குதா சாமி?"

"குளிருக்குத்தான்," என்றான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "விரல் இருக்கிற மாதிரியே இருக்கும். சொறியணும் போல இருக்கும்."

இன்னும் கொஞ்ச தூரம் போனது.

"எப்படின்னு சொல்லவா? உன்ன மாதிரி எதையும் சலிச்சு எடுக்காம சொல்லுவேன். கேப்பியா?"

"கேக்கிறேன்," என்றாள். "சொல்லு."

அவன் சொல்லத் தொடங்கினான். கட்டுகஸ்தோட்டையில் பஸ் நெரிசலில் மாட்டி நின்றது, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். வடிவம்மா இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வந்தபோதும் அவன் சொல்லி முடிக்கவில்லை. இறங்கி, மழைக்கு ஒதுங்கி ஒரு கடை வாசலில் இருவரும் நின்றார்கள். அவன் மிச்சத்தையும் சொன்னான்.